கருவிலேயே மூளைக்குக் கவனம்: யாங்கோன் அடுக்களைக்குச் சில குறிப்புகள்

கருத்தரித்து 28 நாளுக்குள் குழந்தையின் நரம்புக்குழாய் மூடிவிடும். பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. அதனால் ஃபோலிக் அமிலத்தை, தினம் 400 மைக்ரோகிராம், திட்டமிடும்போதே தொடங்குங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம், சத்து உடம்பில் சரியாகச் சேராது. லபெட்டும் (பர்மிய ஊறல் தேயிலை) தேயிலைதான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அயோடின் உப்பை மூடிய டப்பாவில் வைத்து, குழம்பு இறக்கும்போது போடுங்கள்.

பலரும் மறப்பது தயமினை (வைட்டமின் பி1). தீட்டிய அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அது போய்விடும், அதற்குப் புழுங்கலரிசியே மேலானது. பிள்ளை பெற்றவளுக்கு மீன், பருப்பைத் தள்ளிவைக்கும் பத்தியம் (அக்கறைதான், ஆனாலும்) தாய்ப்பாலிலும் தயமினைக் குறைக்கும். சில மாதக் குழந்தையின் அழுகுரல் கம்மிப்போய், பாலும் குடிக்க மறுத்தால், அது தயமின் குறைவாக இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.