சீனாவில் காருக்குப் பெயர் வைப்பது எப்படி?

பெங்களூரில் பிராண்டிங் வேலை பார்க்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒலியோடு பொருளும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் தமிழில் 'டொயோட்டா' என்று ஒலியை மட்டும் எழுதிவிட்டு நகர்வது போல அங்கே நகர முடியாது.

முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள். பொருளை மட்டும் எடுக்கலாம்: ஃபோக்ஸ்வாகன் அங்கே 'தாஜோங்', அதாவது பொதுமக்கள். ஒலியை மட்டும் எடுக்கலாம்: ஆடி, 'ஆவோதி'. இரண்டையும் சேர்ப்பதுதான் கஷ்டம், ஆனால் மனதில் நிற்பது அதுதான். பிஎம்டபிள்யூவின் 'பாவோமா'வைப் பாருங்கள், 'பாவோ' என்றால் அரிய பொருள், 'மா' என்றால் குதிரை, பி-யும் எம்-மும் ஒலியிலேயே இருக்கின்றன! பென்ஸ் 'பென்ச்சி', பாய்ந்தோடுவது.

அப்புறம், கட்டாயம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் தெரிந்த தோழி ஒருத்தி 'மா'வை நான்கு தொனியில் சொல்லிக்காட்டினாள்: அம்மா, சணல், குதிரை, திட்டு. உதடு அப்படியேதான் இருந்தது, குரல் மட்டும் ஏறி இறங்கியது.

ஹாங்காங், தைவானுக்குத் தனியாக யோசியுங்கள், பென்ஸுக்கு அங்கெல்லாம் வேறு வேறு பெயர்.

பெயரின் பொருள் உறுத்துகிறதா என்றும் பாருங்கள். டொயோட்டா பிராடோவுக்கு 'பாதாவோ' என்று வைத்தார்கள், அதில் அடாவடி என்ற சாயல் உண்டு. 2003-ல் சீனாவின் மரபுச் சின்னமான கல் சிங்கம் வண்டிக்கு சல்யூட் அடிக்கிற விளம்பரம் வந்ததும் மக்கள் கொதித்துப்போனார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பெயரும் பிறகு 'புலாதுவோ' ஆனது.

சரி, பெயர் முடிவானதும் தாமதிக்காமல் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பியுங்கள், அங்கே முதலில் விண்ணப்பிப்பவருக்குத்தான் முன்னுரிமை.