மழைக்காலத்தில் கிளம்ப மறுக்கும் பழைய பைக்: நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தெருக்களில் விடியற்காலையில் கேட்பது கிக்கரை உதைக்கும் சத்தம்தான். சம்பா வயலில் தண்ணீர் வடிந்ததா என்று பார்த்துவர வேண்டும், வண்டியோ கிளம்பாது. வியர்க்க வியர்க்க உதைப்போம். பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வோம். அதற்கும் மசியாவிட்டால் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போவோம். அங்கே தீப்பொறி தரும் பிளக் மாறும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கழன்று வரும், அடுத்த மழைக்கு அதே கதை திரும்பவும் தொடங்கும்.

எங்கள் வீட்டில் 1998-இல் அப்பா வாங்கிய 100 சிசி வண்டி இன்னும் ஓடுகிறது. ஒரு மழைக்காலம் முழுவதும் அது என்னைப் படுத்தியது. பிளக் மாற்றினேன். பேட்டரி மாற்றினேன். இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவ வைத்தேன். கடைசியில் பார்த்தால், பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பின் ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஈரம் அதற்குள் இறங்கி, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் என்ஜின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. கேப்பை மாற்றிய அன்றே முதல் உதையில் கிளம்பியது. அதற்கு முன் நான் செலவழித்ததெல்லாம் வீண். அன்றிலிருந்து, எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: வண்டிக்கு இல்லாதது எது? பெட்ரோலா, காற்றா, தீப்பொறியா, சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் கம்ப்ரஷனா? இந்த நான்கும் இருந்தால் பெட்ரோல் என்ஜின் கிளம்பியே தீரும். டெல்டாவில் இந்த நான்கையும் கெடுப்பதில் முதல் ஆள் தண்ணீர். காற்றில் ஈரம், டேங்கில் ஈரம், வயரில் ஈரம்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த வண்டிகளுக்கு. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து தூவும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. அவற்றின் வழி வேறு.

விடாமல் உதைப்பதுதான் முதல் தவறு. பத்து உதையில் கிளம்பாத வண்டி இருபதாவது உதையில் கிளம்புவது அரிது. ஒவ்வொரு உதையும் சிலிண்டருக்குள் பெட்ரோலை இழுக்கிறது. பொறி சரியாக இல்லையென்றால் அந்தப் பெட்ரோல் எரியாமல் தங்கிப் பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக் நல்ல பொறியைக்கூடத் தராது. ஆரம்பத்தில் இருந்த சிறு கோளாறோடு, நாமே உண்டாக்கிய இன்னொரு கோளாறும் சேர்ந்துவிடும். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டு மறப்பதும் இதே வகைதான். ஆறிய என்ஜினுக்குத்தான் சோக் வேண்டும். வெண்ணாற்றுக் கரையோரம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, தேநீர்க் கடையில் கால் மணி நேரம் நிறுத்திய வண்டிக்குச் சோக் போட்டால் அது மூச்சு முட்டித்தான் நிற்கும்.

பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள், சோக்கை எடுத்துவிடுங்கள், ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி ஐந்தாறு முறை உதையுங்கள். வெறும் காற்று உள்ளே போய் மிகுதிப் பெட்ரோலை வெளியே தள்ளும். கிளம்பினால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். செல்ஃப் உள்ள வண்டியில் பொத்தானை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையில் சற்று ஓய்வு கொடுங்கள். இல்லையென்றால் கோளாறு பேட்டரிக்கும் பரவும்.

அதன் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் புதுப் பிளக் வாங்கிவிடுவது பெரும் தவறு, ஏனென்றால் வண்டியின் உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடிய ஒரே சாட்சி பழைய பிளக்தான். பலமுறை உதைத்தும் நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில் குறை, அல்லது வெள்ளமாய் நிரம்பிவிட்டது. கரி அப்பியிருந்தால் காற்று போதவில்லை. டிவிஎஸ் 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கரிதான். நுனியில் முத்து முத்தாய்த் துளிகள் நின்று, வாடையே இல்லையென்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

கழற்றிய பிளக்கை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன் துகள் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குள்ளும் விழும். பித்தளைக் கம்பித் தூரிகை போதும். பிளக் நுனியில் பொறி தாண்டும் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்பேனரை எடுப்பதற்கு முன் விரலால் சில சுற்று திருகுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை கோணலாய் ஏறிவிட்டால் நூறு ரூபாய் வேலை ஆயிரங்களில் போய் நிற்கும்.

பொறி வருகிறதா என்று பார்க்கும்போது நடக்கும் தவறுகள் ஆபத்தானவை, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு என்ஜினில் நன்றாகத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துத்தான் உதைக்க வேண்டும். அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும். பொறி பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சோதனையை அங்கே செய்யவே கூடாது. பிளக்கைத் தொங்கவிட்டபடி உதைத்தாலும், பொறியை இயக்கும் சிடிஐ பெட்டிக்குக் கேடு.

நீல நிறப் பொறி பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாய் நலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, உடனே பொறிக்கான மின்னழுத்தத்தைக் கூட்டும் காயிலையும் சிடிஐ பெட்டியையும் குறை சொல்லிவிடாதீர்கள். முதலில் சாவிக்குப் பக்கத்து வயர்கள், என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், வண்டி உடம்போடு இணையும் எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்பளக் காற்று அடிக்கும் ஊர்களில் எர்த் இணைப்பில் பச்சையாய்ப் பாசி போலப் பூத்திருக்கும். சுரண்டித் துடைத்து இறுக்கினால் போதும். அறுவடைக்குப் பிறகு வயல் எலி வீட்டுக்கு வரும் காலத்தில் வயரை அது கடித்திருக்கவும் கூடும், சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பிளக் வயரிலும் கேப்பிலும் ஒழுக்கு இருக்கிறதா என்று அறிய நான் கண்ட நல்ல வழி இது: இருட்டில் வண்டியைக் கிளப்பி, வயர்மீது தண்ணீரைத் தூவலாய்த் தெளித்துவிட்டு, கை வைக்காமல் பாருங்கள். ஒழுக்கு உள்ள இடத்தில் நீலமாய் மின்னும். என் கேப் அப்படித்தான் பிடிபட்டது.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் கிக் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜின் சுழலும்போது மேக்னட் காயிலே அதைத் தருகிறது. அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் ஹாரன் நன்றாக அடிக்கும், அவ்வளவுதான். என் பணம் போனது அப்படியே. பேட்டரியை நம்பும் வண்டி என்றால், இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12-க்குக் கீழே போனால் காலி. மீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

பெட்ரோல் பக்கம் வருவோம். இந்த வட்டாரத்தில் மகன் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, அவன் வண்டி இரண்டு வருடம் தாழ்வாரத்தில் நிற்கும் வீடுகள் எத்தனையோ. விடுப்பில் வந்தவுடன் இருக்கிற பெட்ரோலோடு உதைப்பார்கள். பழைய பெட்ரோலில் எளிதில் தீப்பற்றும் பகுதி ஆவியாகிப் போயிருக்கும். மீதி பிசினாகிக் கார்புரேட்டரில் படிந்திருக்கும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டதுபோல் தனியாய்த் தெரியும். துரு மண்ணாய்ப் படிந்தால் டேங்கையே கழுவ வேண்டும். அதற்கு முன் கார்புரேட்டரைக் கழுவிப் பயனில்லை, ஒரு வாரத்தில் திரும்ப அடைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடிக் கார்புரேட்டரை வடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டைக் கம்பியாலோ ஊக்காலோ குத்துவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கீறல் விழுந்தாலும் கலவையின் அளவு மாறிவிடும்; பிறகு எத்தனை முறை ட்யூனிங் செய்தாலும் வண்டி பழைய நிலைக்கு வராது. கிளீனர் ஊற்றி ஊறவைத்து, காற்றடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

நன்றாகக் கிளம்பி, இரண்டு மூன்று கிலோமீட்டரில் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கிளம்பும் வண்டியா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

காற்று வழியில் நம் ஊருக்கே உரிய இரண்டு எதிரிகள். தை, மாசியில் சாலையெல்லாம் நெல்லும் வைக்கோலும் காயும்போது கிளம்பும் தூசு ஒன்று. ஒரே பருவத்தில் ஃபில்டர் தடித்துப் போகும். இன்னொன்று குளவி. நிறுத்திவைத்த வண்டியின் காற்றுக் குழாயிலும் சைலென்சர் வாயிலும் மண் கூடு கட்டிவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டே ஓட்டுபவர்களும் உண்டு. தூசு நேரே சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான போரையும் தின்றுவிடும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கொட்டகைகள் சரிந்து, வண்டிகள் நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தன. வெளியே எடுத்தவுடன் கிளப்பிப் பார்க்கத்தான் கை துடிக்கும். செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. செல்ஃப் போட்டாலோ, தள்ளிக் கியர் போட்டாலோ, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவியை அணைத்து, மெல்ல நாலைந்து முறை கிக்கரை அமுக்குங்கள். இருக்கிற தண்ணீர் துளை வழியே வரும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பால்விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் அதையும் வடித்து மாற்ற வேண்டும். புது ஆயிலில் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிடுவது நல்லது. ஒரு முறையில் ஈரம் முழுவதும் போகாது.

கடைசியாக, சிலிண்டரின் வாசலான வால்வை இயக்கும் டாப்பெட்டின் சத்தம். பழைய வண்டி லேசாக ‘டிக் டிக்’ என்றால் உடனே சத்தத்தை நிறுத்தித் தரச் சொல்கிறோம். மெக்கானிக்கும் நம் திருப்திக்காக இறுக்கிவிடுகிறார். வால்வு முழுவதும் மூடாமல் போய்க் கம்ப்ரஷன் கசியும். என்ஜின் சூடானபின் நிறுத்தினால் கிளம்பாது, வால்வும் தீய்ந்துவிடும். லேசான சத்தம் கேட்கும் வண்டியைவிட, ஓசையே இல்லாத பழைய என்ஜின்தான் எனக்குக் கவலை தரும். கையால் கிக்கரை அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

பட்டறைக்குப் போகும்போது “ஸ்டார்ட் ஆகவில்லை அண்ணே, பாருங்கள்” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆறியபோது மட்டும் கிளம்பவில்லையா, சூடானபிறகா, மழைக்கு மறுநாளா. பிளக் நனைந்திருந்ததா, உலர்ந்திருந்ததா. கடைசியாக எதை மாற்றினீர்கள், எங்கே பெட்ரோல் போட்டீர்கள். இத்தனையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.