2,003 என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம்: அமெரிக்க நினைவு நாணயச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் தங்களுக்குப் பிடித்த அமெரிக்க நினைவு நாணயத்தைக் காட்டும்போது முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "மொத்தமே இவ்வளவுதான் அடித்தார்கள்." முகப்பில் யார் இருக்கிறார், பளபளப்பு எப்படி இருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்ற பேச்சே வராது. அந்த ஒரு எண்ணை நம்பிப் பணம் போயிருக்கும். பழைய சேகரிப்பாளர்கள் எல்லோரும் இதே குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான். விரலால் முகப்பைத் தொடாதே, முன்பின் தெரியாதவரிடம் வாங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

அடித்த எண்ணிக்கையை வைத்தே விலை கொடுப்பது

இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு இது. காரணம், இதில் ஏமாறுபவர் படித்துவிட்டுத்தான் ஏமாறுகிறார். பட்டியலில் உள்ள எண் சரியானதுதான், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு.

அமெரிக்க எல்லைப்புற முன்னோடி டேனியல் பூன் நினைவாக வந்த அரை டாலரைப் பாருங்கள். 1935இல் அதன் பின்பக்கத்தில் 1934 என்று சின்னதாகச் சேர்த்து, டென்வரில் 2,003, சான் ஃபிரான்சிஸ்கோவில் 2,004 அடித்தார்கள். ஜோடி 3.70 டாலர். பணம் அனுப்பிய பலருக்குத் "தீர்ந்துவிட்டது" என்ற பதில்தான் வந்தது. வெளிச்சந்தையில் விலை பல மடங்கு எகிறியது. 1936இல் நாடு முழுக்கப் பரவிய நினைவு நாணய மோகத்தைக் கிளப்பிவிட்டதில் இந்த ஜோடிக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது 1928 ஹவாய் அரை டாலருக்கு வாருங்கள். கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கிய 150ஆம் ஆண்டுக்காக அடித்தது, எண்ணிக்கை 10,008. அந்த டேனியல் பூன் நாணயத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் ஒரே தரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஹவாய்தான் பல மடங்கு விலை போகும்.

ஏன்? 1892 முதல் 1954 வரை வந்த வெள்ளி நினைவு நாணயங்களை ஆண்டு, நாணயச்சாலை எழுத்து (எங்கே அடித்தது என்று காட்டும் எழுத்து) வாரியாக எண்ணினால் 144. வடிவமைப்பு வாரியாக எண்ணினால் 50 மட்டுமே: 48 அரை டாலர், 1893 இசபெல்லா கால் டாலர், 1900 லஃபாயெட் டாலர். சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் 50 வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு, பல ஆண்டுகளில் பல நாணயச்சாலைகளில் வந்த டேனியல் பூன் நாணயத்தில் ஏதாவது ஒன்று போதும். சாதாரண 1936 பிலடெல்பியா நாணயத்தோடு வேலை முடிந்துவிடும். 2,003 உள்ளதைத் தேடுபவர்கள் 144ஐயும் முடிக்க நினைக்கும் சிலர்தான். ஹவாய் ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில் வந்தது. 50 வகை சேர்க்கும் ஒவ்வொருவரும் அந்த 10,008க்குள்தான் ஒன்றைத் தேடியாக வேண்டும். அதிலும் நிறைய ஹவாய்த் தீவு மக்களிடமே போய், கவனமில்லாமல் புழங்கி, குக்கின் கன்னம் உரசியிருக்கிறது. நல்லது கிடைப்பது அரிது.

1939 ஆர்கன்சாவும் இப்படியே. மூன்று நாணயச்சாலைகளிலும் தலா 2,104 அல்லது 2,105. ஆனால் 1935இலிருந்தே ஆண்டுதோறும் அதே வடிவத்தில் வந்த நாணயம் அது. வாங்குபவர்கள் சலித்துப்போயிருந்தார்கள், நாடாளுமன்றமும் பொறுமை இழந்திருந்தது. பழைய அனுமதிகளை வைத்துக்கொண்டு தொடர்ந்து அடிப்பதை அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறுத்தியது.

எண் இன்னொரு விதமாகவும் ஏமாற்றும். அடித்தது வேறு, உருக்கியது போக மிஞ்சியது வேறு. 1893 கொலம்பியன் அரை டாலர் 40,52,105 அடித்து, 25,01,700 உருக்கப்பட்டு, மிஞ்சியது 15,50,405. லஃபாயெட் டாலரில் 14,000 உருக்கப்பட்டு ஏறத்தாழ 36,000தான் மிஞ்சியது. விற்பவர் சொல்லும் எண் இவற்றில் எது என்று கேளுங்கள்.

மிஞ்சியது எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் என்றும் இல்லை. சிகாகோ கண்காட்சியில் ஒரு டாலருக்கு விற்காமல் தேங்கிய கொலம்பியன்கள் முகமதிப்புக்கே வெளியே விடப்பட்டுக் கடைத்தெருவில் சில்லறையாகப் புழங்கின. அதனால் தேய்ந்த கொலம்பியனுக்கு, "130 வருஷப் பழசு" என்று யார் சொன்னாலும், அதிலுள்ள 11.25 கிராம் வெள்ளியின் விலைக்குச் சற்று மேலேதான் கொடுக்க வேண்டும். 1923 மன்றோ கோட்பாடு அரை டாலர் 2,74,077 இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி இப்படியே புழக்கத்துக்குப் போனது. அதன் புடைப்பு வேறு மிகத் தாழ்வானது. புதிதாக இருக்கும்போதே சப்பையாகத் தெரியும். மூல பளபளப்போடு ஒன்று கிடைக்க நெடுநாள் காத்திருக்க நேரும்.

எனவே வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரிசை: இந்த வடிவம் எத்தனை ஆண்டுகள், எத்தனை நாணயச்சாலைகளில் வந்தது, அதில் மலிவானது எது, உருக்கியது போக எவ்வளவு, நீங்கள் வாங்கப்போகும் தரத்தில் கடந்த சில ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது. எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள்.

ப்ரூஃப், அன்சர்குலேட்டட் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது

1982க்குப் பிந்தைய நாணயங்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக வரும்: சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக மெருகேற்றி அடித்த ப்ரூஃப், புழங்காத சாதாரணப் பூச்சுள்ள அன்சர்குலேட்டட். கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப்தான் உயர்ந்தது என்று பலர் அதையே வாங்குகிறார்கள். பல வெளியீடுகளில் மக்கள் ப்ரூஃபையே அதிகம் வாங்கியதால், அரிதாகிப்போனது அன்சர்குலேட்டட். 1996 பாராலிம்பிக் டாலரில் ப்ரூஃப் 84,280, அன்சர்குலேட்டட் 14,497. 1997 ஜாக்கி ராபின்சன் 5 டாலர் தங்க நாணயத்தில் ப்ரூஃப் 24,072, அன்சர்குலேட்டட் 5,174. இங்கே எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் இரண்டையும் சேர்த்து வைக்க விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

வெளியீட்டு விலைக்குக் குறையாது என்று நம்புவது

குறையும். அரசு விற்ற விலையில், சட்டப்படி ஓர் அமைப்புக்குப் போகும் கூடுதல் தொகையும் சேர்ந்திருக்கிறது: பொதுவாக அரை டாலருக்கு 5, வெள்ளி டாலருக்கு 10, தங்கத்துக்கு 35 டாலர். மறுவிற்பனையில் அது திரும்பி வராது. 2018 வரையிலான வெள்ளி டாலர் 26.73 கிராம், 90 சதவீத வெள்ளி, அதாவது ஏறக்குறைய 24 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். 2019 முதல் தூய்மை 99.9 சதவீதம்.

எல்லா அரை டாலரும் வெள்ளி என்று நினைப்பது

1982 வாஷிங்டன் வெள்ளி, 12.5 கிராம். 1986 சுதந்திர தேவி செம்பு-நிக்கல், 11.34 கிராம், விளிம்பில் செம்பு நிறக் கோடு தெரியும். 1993 உரிமைகள் சாசன அரை டாலர் மறுபடி வெள்ளி. இரண்டு தசமம் காட்டும் தராசு ஒன்று கையில் இருக்கட்டும்.

நட்சத்திரம் உள்ள கிராண்ட்

அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட் நினைவாக வந்த 1922 அரை டாலரில், முகப்பில் சின்ன நட்சத்திரம் உள்ளது 4,256, இல்லாதது 67,405. இல்லாததில் போலியாக நட்சத்திரத்தைக் குத்தி, அரிதானது என்று விற்கிறார்கள். நட்சத்திரத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் உள்ள இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அந்த இடம் சப்பையாகியிருந்தால் கைவிடுங்கள்.

தேய்த்துச் சுத்தம் செய்வது

கூடாது.

மென்மையான பிளாஸ்டிக் உறை

வளைந்து கொடுக்கும் பி.வி.சி. உறை நாளடைவில் அமிலம் கக்கும். அது நாணயத்தில் உள்ள 10 சதவீதச் செம்பைப் பிடித்து, பச்சைப் பிசுக்காகப் படியும். ஆரம்ப நிலை என்றால் காப்பாற்றலாம். கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும் அளவு ஊற்றி, சில நிமிடம் விட்டு, விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் போடுங்கள். பிறகு இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி, தானாகக் காயவிடுங்கள். துணி, பஞ்சு எதுவும் படக்கூடாது. நகப்பூச்சு அகற்றி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். பிசுக்குக்கு அடியில் வெள்ளி குழிவிழுந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. அடுத்த உறை மடக்கினால் மொடமொடவென்று சத்தம் போடும் மைலராக (பி.வி.சி. இல்லாத பாலியெஸ்டர் தாள்) இருக்கட்டும்.