செப்புக் காசில் நிறம் பார்ப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன். நாணயக் கண்காட்சி மேசைகளில் புதியவர்கள் காசை எடுத்து மதிப்புப் போடுவதைப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள்.

சிவப்பாக இருந்தால் ஒரிஜினல் என்று நம்புவது

ஒரு தம்பி விக்டோரியா ராணி காலத்து 1862 காலணா ஒன்றைக் காட்டினார். “ஒரிஜினல் கலர் அண்ணே, கடைக்காரரே சொன்னார்.” பழுப்புக் காசுக்குக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு கொடுத்திருந்தார். விக்டோரியாவின் தலைமுடிக் கோடுகள் மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டன. காசோ முழுக்க இளஞ்சிவப்பு.

“இவ்வளவு கை மாறித் தேய்ஞ்ச காசு இன்னும் எப்படித் தம்பி சிவப்பா இருக்கும்?” என்றேன். பதில் இல்லை. லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாணயச்சாலையிலிருந்து வரும் செம்பு, காற்றும் விரலும் பட்டு மெல்லப் பழுப்பாகும். முதலில் பழுப்பது மேடான பகுதிகள்: கன்னம், முடி, கிரீடத்தின் விளிம்பு. சிவப்பு கடைசிவரை ஒளிந்திருப்பது எழுத்துகளின் இடுக்கில், உருவத்தின் ஓரத்தில். அமிலத்தில் முக்கியெடுத்துக் கழுவிய காசில் இது தலைகீழாக இருக்கும். மேடு பளிச்சென்று சிவந்திருக்கும், இடுக்கில் கறுப்பு அழுக்கு தங்கியிருக்கும். அந்தத் தம்பியின் காசில் ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகளுக்குள் அப்படித்தான் கறுத்துக் கிடந்தது.

இன்னொரு சோதனை, காசைச் சாய்த்துத் திருப்புவது. தேயாத பரப்பில் ஒளி ஒரு பட்டையாகச் சுழன்று ஓடும். கழுவிய பரப்பு எப்படித் திருப்பினாலும் மந்தமாகவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள். அதை மறைக்க எண்ணெய் தடவி விற்பவர்களும் உண்டு. கந்தகம் வைத்து மறுபடி கறுக்கவைப்பவர்களும் உண்டு. அப்போது மேடும் பள்ளமும் ஒரே சீரான கறுப்பாக இருக்கும்.

ஆகவே முதலில் தேய்மானம், அப்புறம்தான் நிறம். இரண்டும் சொல்லும் கதை ஒத்துப்போக வேண்டும். எனக்கு இன்னும் கடுப்பாவது ஒன்றுதான்: அதே தட்டில், முடிக்கோடுகள் தெளிவாக உள்ள நல்ல பழுப்புக் காசு மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. கழுவிய காசுக்கோ, பின்னால் விற்கப் போனால் நல்ல சேகரிப்பாளர் யாரும் கை நீட்டமாட்டார்.

எல்லாக் காலணாவிலும் ஒரே நிறத்தைத் தேடுவது

1906-இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. எடையும் 6.47 கிராமிலிருந்து 4.86 கிராமாக இறங்கியது. அதற்குப் பின் வந்த ஐந்தாம் ஜார்ஜ் காசை விக்டோரியா காசின் பக்கத்தில் வைத்து நிறம் ஒப்பிடுவது வீண் வேலை.

மஞ்சள் விளக்கில் பார்ப்பது

பழுப்பும் சிவப்பாகத் தெரியும். வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.

அச்சு சரியாக விழாததைத் தேய்மானம் என்பது

ராஜராஜன் காசில் இந்தக் குழப்பம் அதிகம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கையருகே நாகரி எழுத்தில் பெயர். சுத்தியலால் அடித்த காசு. அச்சு விலகினால் பெயரில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். அது தேய்ந்ததாகாது. தேய்ந்திருந்தால் மேடுகள் எல்லாப் பக்கமும் மழுங்கியிருக்கும். ஒரு பாதி கூர்மையாகவும் மறுபாதி வெறுமையாகவும் இருந்தால் அடித்தவன் கை சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பச்சை எல்லாம் ஒன்று என்பது

மண்ணில் கிடந்த காசின் மேல் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை அதன் தோல். சுரண்டினால் எழுத்தும் கூடவே போகும். பல்குச்சியால் தொட்டாலே உதிரும் வெளிர்பச்சைத் தூள்தான் ஆபத்து. உள்ளே குளோரைடு இருக்கிறது, ஈரக்காற்று பட்டால் காசை அரித்துக்கொண்டே போகும். கடலோர ஊர்க்காரர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல். கையில் ஏற்கெனவே இருந்தால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள்.

பிசுபிசுவென்று ஒட்டும் பச்சை வேறு வகை. மலிவான, மெத்தென்ற பிவிசி ஆல்பத் தாள் கசியவிடுவது அது. அசிட்டோனில் போகும். ஆல்பத்தை மாற்றாவிட்டால் திரும்ப வரும்.