வானொலி அறிவிப்பாளர் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதும்போது

வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு அறிவிப்பாளர்கள் வீட்டு மனிதர் மாதிரி. அதனாலேயே விக்கிப்பீடியாவில் அவர்களைப் பற்றி எழுதும்போது ‘காந்தக் குரலோன்’, ‘திருமலை மண்ணின் மைந்தர்’ என்று பட்டங்கள் தானாக வந்து விழும். அந்தப் பட்டத்துக்குப் பதில் ‘திருகோணமலையில் பிறந்தார்’ என்று எழுதினாலே போதும்.

‘இலட்சக்கணக்கான நேயர்களின் உள்ளம் கவர்ந்தவர்’ என்ற வரியைப் பாருங்கள். யார் எண்ணினார்கள்? எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டிலிருந்து எதுவரை, என்ன விருது, யார் கொடுத்தது என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் சான்று இணைத்துவிடுங்கள். பாராட்டு வேண்டுமென்றால், சொன்னவர் பெயரோடும் வெளிவந்த இதழோடும் போடலாம். ஆண்டுகளைச் சரிபார்க்கும்போது நிலையத்தின் பெயரையும் பாருங்கள். இலங்கை வானொலி 1967இல்தான் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அதற்கு முந்திய பணிக்காலத்துக்குக் கூட்டுத்தாபனம் என்று எழுதுவது பிழை.

வாழ்ந்துகொண்டிருப்பவர் என்றால் இன்னும் கவனம் தேவை. சர்ச்சை, வேலையை விட்ட காரணம் போன்றவை சான்றில்லாமல் இருந்தால், ‘சான்று தேவை’ என்று குறித்து வைத்துக் காத்திருக்காமல் உடனே நீக்கிவிடுங்கள். ஒருவருடைய நற்பெயர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சரி, சான்றுக்கு எங்கே போவது? நிலையத்தின் சொந்த விளம்பரமும் முகநூல் வாழ்த்தும் போதாது. பழைய ஈழத்து இதழ்களை ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றனவா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்த அறிவிப்பாளர் உங்கள் மாமாவோ கூட வேலை செய்தவரோ என்றால், கட்டுரையில் நேரே கைவைக்க வேண்டாம். உறவைச் சொல்லி, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சான்றோடு திருத்தம் கேளுங்கள்.