லூனா அந்துப்பூச்சி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், கனடாவிலிருந்து ஃபுளோரிடா வரை வாழ்வது லூனா அந்துப்பூச்சி. வெளிர்பச்சை இறக்கை, பின்னால் நீண்ட இரு வால்கள். இறக்கை விரித்தால் 10 செ.மீ. வரும். இதை வளர்ப்பவர்கள் புழுவுக்குக் காட்டும் அக்கறையைக் கூட்டுக்குக் காட்டுவதில்லை. கைக்கு எட்டியது வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

தழை விஷயத்தில் ஒன்றே ஒன்று. வால்நட், ஹிக்கரி, ஸ்வீட்கம், பிர்ச் ஆகிய மரங்களின் இலை எல்லாவற்றையும் லூனா தின்னும்; ஆனால் ஒரு தழையில் தொடங்கிய புழு, பாதியில் மாற்றினால் பட்டினி கிடந்தே சாகலாம். ஐந்தாறு வாரம் தொடர்ந்து கிடைக்கும் மரத்தில் தொடங்குங்கள்.

முற்றிய புழு பச்சை மங்கிச் செம்பழுப்பாகும், நீராகக் கழியும், ஓரிடத்தில் நிற்காமல் ஊரும். நோய் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள், கூடு கட்டத் தயாராகிறது. அடியில் இலைகளைப் பரப்பிவிட்டால் அவற்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெல்லிய கூடு பின்னும். காட்டில் இந்தக் கூடு சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். மரத்தடியை வாரி எரித்தால் அதுவும் சேர்ந்தே எரிகிறது.

குளிர்காலக் கூட்டைக் கதகதப்பான அறையில் வைத்தால், மரத்தில் இலையே இல்லாத மாதத்தில் பூச்சி வெளிவந்துவிடும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் ஃபிரிட்ஜ் காற்று வறண்டது. வெறுமனே வைத்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு காய்ந்து போகும். டப்பாவில் போட்டு, லேசாக ஈரமான காகிதம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பூச்சி காலையில் வெளிவரும். இறக்கையடியில் உள்ள முள்ளால் கூட்டைத் தானே கிழித்துக்கொள்ளும். உதவுகிறேன் என்று கத்தரிக்கோல் வைக்காதீர்கள். அப்போது இறக்கை நனைந்த துணிபோலச் சுருங்கியிருக்கும். மேலேறித் தொங்கினால்தான் விரியும். கண்ணாடித் தொட்டியில் கால் வழுக்கி விழுந்து, மடிந்தது மடிந்தபடியே காய்ந்துவிடும். வலைக்கூண்டுதான் சரி.

சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும் வீண். வளர்ந்த லூனாவுக்குத் தின்னும் வாயே இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம்போல வாழும். வால் ஒடிந்திருந்தாலும் நன்றாகவே பறக்கும். அந்த வால், வௌவாலின் தாக்குதலை உடலிலிருந்து திசைதிருப்பத்தான்.

இணைசேர்ந்த பெண்பூச்சியைக் காகிதப் பைக்குள் விட்டால் உள்பக்கமே முட்டையிடும். முட்டைகளைச் சுரண்டி எடுக்காமல், ஒட்டிய காகிதத்தோடு வெட்டியெடுங்கள். 8 முதல் 13 நாளில் பொரிக்கும்.