13 புள்ளித் தளத்தில் ஓவல் வரைவது எப்படி?

முடிவுறு புரொஜெக்டிவ் தளம் (எண்ணி முடிக்கக்கூடிய புள்ளிகள், எந்த இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டும், எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரே கோடு போகும் அமைப்பு) என்றதும் வெக்டர், ஃபீல்டு என்று ஓட வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

0 முதல் 12 வரை எண்களை வட்டமாக எழுதுங்கள், இவைதான் புள்ளிகள். 0, 1, 3, 9 என்பது முதல் கோடு. எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த கோடு 1, 2, 4, 10. இப்படியே கூட்டிக்கொண்டே போங்கள், 13 வந்தால் அது 0, 14 வந்தால் 1. மொத்தம் 13 கோடுகள் கிடைக்கும், எந்த இரண்டு கோடுகளும் சரியாக ஒரே புள்ளியில்தான் வெட்டும். காரணம், முதல் கோட்டின் நான்கு எண்களுக்குள் இரு திசையிலும் கழித்துப் பார்த்தால் (மைனஸ் வந்தால் 13-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்) 1 முதல் 12 வரை ஒவ்வொரு வித்தியாசமும் ஒரே ஒரு முறை வரும். கணிதவியலாளர் ஜேம்ஸ் சிங்கர் 1938-இல் காட்டிய வழி இது.

சரி, ஓவல்? எந்த மூன்றும் ஒரே கோட்டில் விழாத நான்கு புள்ளிகள் வேண்டும். குருட்டாம்போக்கில் தேடாதீர்கள், முதல் கோட்டின் எண்களை 13-இலிருந்து கழியுங்கள்: 0, 12, 10, 4. அவ்வளவுதான்! நம்பிக்கை இல்லையென்றால் பட்டியலில் தேடுங்கள், 4-ம் 10-ம் சேரும் கோடு 1, 2, 4, 10, அதில் 0-ம் இல்லை, 12-ம் இல்லை. மற்ற ஐந்து ஜோடிகளும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம்தான். எல்லா எண்களையும் 3-ஆல் பெருக்குங்கள், 13-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 13, 13-ஆகக் கழித்துவிடுங்கள்: 4 போய் 12 ஆகும், 12 போய் 10, 10 திரும்பவும் 4, 0 மட்டும் அசையாது. ஓவல் அப்படியே இருக்கும், கோடுகளும் கோடுகளாகவே இருக்கும்.

இதையே 7 புள்ளிகளில் செய்ய 1, 2, 4 என்று தொடங்குங்கள், அங்கே பெருக்க வேண்டியது 2.